கார் ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லையா? பழுதைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஓடும்போது வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறது. சிக்னலில் நின்றதும் மேலே ஏறத் தொடங்குகிறது. ஏசியும் அந்த நேரம் பார்த்துக் குளிர்ச்சியை இழக்கிறது. வண்டி மறுபடி நகர்ந்ததும் இரண்டும் சரியாகிவிடுகின்றன. இவை சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான் விழ வேண்டும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றுவிட்டால் ஃபேனைத் தவிர வேறு துணை கிடையாது.

நகருக்குள் ஒழுங்காக ஓடும் கார் நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறுகிறது என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட்டைத் திறந்து மூடும் வால்வு), வாட்டர் பம்ப், உள்ளே அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபேன் ஓடவில்லை என்றதும் பலர் சென்சாரை மாற்றுகிறார்கள். அப்புறம் ரிலே. அப்புறம் மோட்டார். ஒவ்வொன்றுக்கும் பணம் போகிறது, பழுது அங்கேயே இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். ஓடச் சொல்லி உத்தரவு வந்ததா? வந்தபின் மின்சாரம் மோட்டார்வரை முழுதாகப் போய்ச் சேர்ந்ததா? உத்தரவும் மின்சாரமும் சந்திக்கும் இடம் ரிலே, அதாவது சிறு மின்சார உத்தரவால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச். அங்கே ஒரே ஒரு சோதனை செய்தால் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இந்த வழிகாட்டியின் வரிசை அதைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

இங்கே சொல்வது முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய, நடுத்தர பெட்ரோல் கார்களில் இருக்கும் மின்சார ஃபேனுக்கு. ஜீப் வகை வண்டிகள் பலவற்றில் ஃபேன் பெல்ட்டால் சுற்றுகிறது. அதற்கு இந்த முறை பொருந்தாது.

1. தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்த சோதனை விளக்கு. தனியாக ஒரு எல்இடி சோதனை விளக்கு. இரண்டு விளக்குகள் எதற்கு என்பது 6, 7ஆம் பிரிவுகளில் புரியும்.

2.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள வயரில் ஒரு ஜம்பர், அதாவது இரண்டு முனைகளை நேராக இணைக்கும் வயர். அதன் நடுவே ஃபியூஸ் ஹோல்டர் இருக்க வேண்டும். உள்ளே போடும் ஃபியூஸ், ஃபேனுக்குக் கார் நிறுவனம் கொடுத்த அதே அளவு. ஃபியூஸ் இல்லாத ஜம்பரை எடுக்கவே எடுக்காதீர்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் வயரே எரியும்.

முடிந்தால் செல்பேசியோடு இணையும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று. காரின் கணினியில் உள்ள தகவல்களைப் படிக்கும் கருவி அது. விலை குறைந்த வகையே கூலன்ட்டின் வெப்பநிலையை எண்ணாகக் காட்டிவிடும். பல கார்களில் டேஷ்போர்டு முள் 80 டிகிரியிலும் 100 டிகிரியிலும் ஒரே இடத்தில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. சில கார்களில் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான். இரண்டையும் நம்பிச் சோதனை செய்ய முடியாது.

காரின் கையேட்டையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபியூஸ், எந்த ரிலே ஃபேனுக்கு உரியது என்பது அதிலோ பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ அச்சிடப்பட்டிருக்கும்.

2. கை வைப்பதற்கு முன்

ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் சுற்றும். ஆகவே பிளேடைக் கையால் தொடும் வேலை எதுவானாலும் முதலில் ஃபேனின் கனெக்டரைக் கழற்றுங்கள். துப்பட்டா, வேட்டி முனை, தளர்ந்த கூந்தல், கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது. மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். பேட்டரி முனைக்கும் காரின் உடற்பகுதிக்கும் நடுவில் மோதிரம் சிக்கினால் விரல் வெந்துபோகும்.

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும்வரை கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகி அழுத்தம் விடுபட்ட அந்த நொடியே மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். சூடு ஆறி, ஹோஸ் மென்மையாக அமுங்கினால் மட்டுமே திறக்கலாம்.

3. முதலில் கூலன்ட் அளவு

ஃபேன் ஓடாததற்கும் கூலன்ட்டுக்கும் என்ன தொடர்பு என்று பலரும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். வெப்பச் சென்சாரின் முனை திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் குறைந்து அந்த இடத்தில் காற்று தேங்கிவிட்டால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே சென்சார் குறைந்த வெப்பத்தைக் காட்டும். ஃபேனுக்கு உத்தரவே போகாது. ஃபேனும் ரிலேயும் வயரும் நல்ல நிலையில் இருந்தும் வண்டி சூடேறும்.

குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துவரை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலிருக்கும் சேமிப்புத் தொட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் தொட்டி நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். ரேடியேட்டரில் மூடியே இல்லாத கார்களில் அழுத்தத் தொட்டியில் உள்ள கோடுகளைப் பாருங்கள்.

குறைந்திருந்தால் அதே வகைக் கூலன்ட்டை ஊற்றி, காற்றை வெளியேற்றிவிட்டு, வண்டியை மறுபடி சூடேற்றுங்கள். எங்கே ஒழுகியது என்பதையும் தேட வேண்டும். கூலன்ட் தானாகத் தீர்ந்துபோவதில்லை.

4. ஏசியைப் போட்டுப் பாருங்கள்

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியை முழுக் குளிரில் வையுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளுக்குள் ஃபேன் சுற்ற வேண்டும். ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்கும் காற்று தேவை. ஒரே ஃபேன் உள்ள காரில் இப்போது அது சுற்றினால் மோட்டார், ஃபியூஸ், வயர் எல்லாம் வேலை செய்கின்றன. பழுது வெப்பநிலையை அறியும் பக்கத்தில் இருக்கிறது. நேராக 7ஆம் பிரிவுக்குப் போகலாம்.

இரண்டு ஃபேன் இருந்தால் எது சுற்றுகிறது, எது நிற்கிறது என்று கவனியுங்கள். ஒன்று சுற்றுவதைப் பார்த்துத் திருப்தி அடைந்து, ரேடியேட்டருக்குரிய மற்றது ஓய்ந்து கிடப்பதைக் கவனிக்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏசியில் கேஸ் தீர்ந்துபோயிருந்தால் அழுத்தச் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது. பல கார்களில் ஃபேனையும் ஓடவிடாது. ஏசி குளிராத காரில் இந்தச் சோதனையை வைத்து ஃபேனைக் குறை சொல்ல முடியாது.

5. ஃபியூஸ்: பார்த்தால் போதாது, அளக்க வேண்டும்

ஃபேன் ஃபியூஸ் பெரும்பாலும் பானட்டுக்குள் இருக்கும் பெட்டியில்தான் இருக்கும். பெரிய வகை, 30 ஆம்பியர் அல்லது அதையொட்டிய அளவு. கண்ணுக்கு முழுதாகத் தெரியும் ஃபியூஸிலும் கால் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கலாம். சோதனை விளக்கின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் பிடித்து, மறுமுனையால் ஃபியூஸின் இரு பக்கத்தையும் தொடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி பிரகாசமாக எரிய வேண்டும். சில கார்களில் சாவியை ஆன் செய்த பிறகுதான் அங்கே மின்சாரம் வரும்.

ஃபியூஸ் எரிந்திருந்தால் புதிதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பிளேடைக் கையால் சுற்றுங்கள். நல்ல மோட்டார் காந்தத்தின் சிறு தடங்கலோடு இலகுவாகச் சுற்றும். இறுகிக் கிடந்தால் உள்ளே அச்சைத் தாங்கும் புஷ் சிக்கியிருக்கிறது. அந்த மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து ஃபியூஸை எரித்திருக்கிறது. மழைநீர் தேங்கிய சாலைகளில் ஓடிய கார்களில் இது அடிக்கடி நேர்கிறது. 30 ஆம்பியருக்குப் பதில் 40 போடுவது தீர்வல்ல. அடுத்து எரியப்போவது வயர்.

6. ரிலே சாக்கெட்டில் செய்யும் சோதனை

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

சாவியை ஆஃப் செய்து ஃபேன் ரிலேயைக் கழற்றுங்கள். அடிப்பக்கத்தில் 30, 87, 85, 86 என்ற எண்கள் இருக்கும். 30 என்பது பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் கால். 87 ஃபேனுக்குப் போகும் கால். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சுருளின் முனைகள். எண்கள் இல்லாத ரிலேயில் ஓம் அளவில் வைத்து அளந்து பாருங்கள். சுமார் 70 முதல் 120 ஓம்வரை காட்டும் இரண்டு கால்கள்தான் சுருள். மீதி இரண்டும் தடித்த மின்சாரப் பாதை.

சாக்கெட்டில் 30 என்ற துளைக்கு மின்சாரம் வருகிறதா என்று 21 வாட் விளக்கால் பாருங்கள். வந்தால், 30க்கும் 87க்கும் நடுவில் ஃபியூஸ் வைத்த ஜம்பரைச் செருகுங்கள். ஃபேன் முழு வேகத்தில் சீறிக்கொண்டு சுற்ற வேண்டும்.

சுற்றினால் பழுது உத்தரவுப் பக்கம்: ரிலே, சென்சார், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அல்லது அவற்றின் வயர். சுற்றாவிட்டால் மின்சாரப் பக்கம்: மோட்டார், கனெக்டர், எர்த் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு). சந்தேகப் பட்டியலில் பாதி இந்த ஒரு சோதனையில் கழிந்துவிடும்.

ஜம்பரைத் தவறியும் 85 அல்லது 86 துளையில் செருகாதீர்கள். அவற்றில் ஒன்று நேராக இசியுவுக்குப் போகிறது. பேட்டரி மின்சாரம் அதற்குள் பாய்ந்தால் இசியுவின் உள்ளே ரிலேயை இயக்கும் மின்னணுச் சுற்று எரிந்துபோகும். துளை எதுவென்று உறுதியில்லாதபோது செருகக் கூடாது. இன்னொன்று: சாக்கெட்டுக்குள் பருமனான கம்பியைத் திணித்தால் உள்ளே இருக்கும் பின் விரிந்து, நல்ல ரிலேயும் பிறகு பிடிமானம் இல்லாமல் ஆடும். ரிலேயின் காலுக்குச் சமமான தட்டை முனையையே பயன்படுத்துங்கள்.

இரண்டு ஃபேன்களை மூன்று ரிலேக்கள் சேர்ந்து நடத்தும் கார்களும் உண்டு. குறைந்த வேகத்துக்கு இரண்டு மோட்டாரையும் தொடராகவும், முழு வேகத்துக்கு இணையாகவும் அவை இணைக்கும். அங்கே ஒரே ரிலேயை ஜம்பர் செய்தால் எதுவும் சுற்றாமல் போகலாம். வயரிங் வரைபடம் இல்லாமல் அந்த அமைப்பில் முடிவுக்கு வராதீர்கள்.

நடுவழியில் சிக்கியவர்களுக்கு இதே ஜம்பர் உதவும். ஃபேனை நிரந்தரமாக ஓடவிட்டு வீடு சேரலாம். இறங்கியதும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் பேட்டரி காலி.

7. ஜம்பர் செய்தால் ஓடுகிறது: உத்தரவு எங்கே நின்றது?

முதலில் ரிலே. அதே எண் அச்சிட்ட ஹார்ன் ரிலேயை எடுத்து ஃபேன் ரிலே இடத்தில் போடுங்கள், ஃபேன் ரிலேயை ஹார்ன் இடத்தில் போடுங்கள். ஹார்ன் ஒலிக்காமல் போனால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டது. ஹார்ன் ஒலித்தாலும் ரிலே நல்லது என்று முழுதாக நம்ப வேண்டாம். ஹார்னைவிட ஃபேன் கூடுதலான மின்சாரம் இழுக்கும். கரி படிந்த ரிலே முனைகள் ஹார்னுக்குப் போதும், ஃபேனுக்குப் போதாது. அதனால் மாற்றிய ரிலேயோடு ஃபேன் ஓடுகிறதா என்பதே முடிவான சோதனை.

அடுத்து, ரிலே இல்லாத சாக்கெட்டில் 85, 86 துளைகளுக்கு நடுவில் எல்இடி விளக்கைப் பொருத்துங்கள். எரியாவிட்டால் முனைகளைத் திருப்பிப் பாருங்கள். இங்கே 21 வாட் பல்பைப் பயன்படுத்தக் கூடாது. அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். ரிலே சுருள் இழுப்பதோ 0.2 ஆம்பியருக்கும் குறைவு. அந்தச் சிறு அளவுக்கென வடிவமைத்த இசியு வெளியீட்டில் பெரிய பல்பை மாட்டினால் அதையும் சேர்த்துப் பழுதாக்கிவிடுவோம்.

இப்போது வெப்பச் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். சென்சார் தொடர்பு அறுந்ததும் பல கார்களின் இசியு பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓடச் சொல்லும். எல்இடி எரிந்தால் இசியுவும் வயரும் நல்லவை. சென்சாரைச் சோதிக்க வேண்டும். எரியாவிட்டால் சுருளின் ஒரு முனைக்குச் சாவி ஆன் மின்சாரம் வருகிறதா என்று மீட்டரால் பாருங்கள். வராததற்குப் பெரும்பாலும் வேறொரு சிறிய ஃபியூஸ் காரணமாக இருக்கும். இந்தச் சோதனையால் செக் இன்ஜின் விளக்கு எரியலாம். பின்னால் ஸ்கேனரால் அழித்துவிடலாம்.

சென்சாரை அளப்பது எளிது. வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பரவலாகப் பயன்படும் வகையில் 30 டிகிரியில் சுமார் 1,700 ஓம், 80 டிகிரியில் சுமார் 320, 100 டிகிரியில் 190 அளவில் இருக்கும். ஸ்கேனர் இருந்தால் காலையில் குளிர்ந்த இன்ஜினில் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் -40 என்று காட்டினால் சென்சாரின் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. ஸ்கேனர் காட்டும் பி0480 என்ற பிழைக் குறியீடு ஃபேன் கட்டுப்பாட்டுச் சுற்றையும், பி0117, பி0118 ஆகியவை வெப்பச் சென்சாரின் சுற்றையும் குறிப்பவை. குறியீடு பழுது இருக்கும் சுற்றைச் சொல்கிறது. எந்த உதிரிபாகம் என்று சொல்வதில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டுக் காத்திருங்கள். பல கார்களில் 95 முதல் 100 டிகிரிக்குள் ஃபேன் சுற்றத் தொடங்கும். 85 டிகிரியில் பார்த்துவிட்டு ஓடவில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம்.

பழைய கார்களில் இசியுவுக்குப் பதிலாக, ரேடியேட்டரில் திருகிய தெர்மோ சுவிட்ச் நேராக ஃபேனை இயக்கும். அதன் இரண்டு வயர்களையும் இணைத்தால் ஃபேன் ஓட வேண்டும். ஓடினாலும் சுவிட்சை உடனே மாற்றிவிடாதீர்கள். தெர்மோஸ்டாட் மூடியே கிடந்தால் சூடான கூலன்ட் ரேடியேட்டருக்கே வராது. இன்ஜின் கொதிக்க, சுவிட்ச் இருக்கும் இடம் குளிர்ந்தே இருக்கும். மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் இரண்டும் சூடாகியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

8. ஜம்பர் செய்தும் ஓடவில்லை: மோட்டாரா, வயரா?

ஜம்பரைச் சாக்கெட்டில் விட்டபடியே, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மோட்டாரின் பின்பக்கத்தை லேசாகத் தட்டுங்கள். கை பிளேடுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. மோட்டாரை மாற்ற வேண்டும். தட்டித் தட்டி ஓட்டுவது அடுத்த போக்குவரத்து நெரிசல்வரைதான்.

சுற்றாவிட்டால் ஃபேன் கனெக்டரைக் கழற்றி, அதற்கு வரும் இரண்டு வயர்களுக்கும் நடுவில் 21 வாட் விளக்கை வையுங்கள். பிரகாசமாக எரிந்தால் மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் பழுது. மங்கினாலோ எரியாவிட்டாலோ வயரில் குறை.

இந்த இடத்தில் மல்டிமீட்டரை மட்டும் நம்புவதுதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. மீட்டர் ஏறத்தாழ மின்சாரமே இழுப்பதில்லை. பல இழைகள் கொண்ட வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது 12.6 வோல்ட் என்று காட்டும். மோட்டாரை மாட்டினால் அதே இடம் 4 வோல்ட்டுக்கு விழும். சொட்டுச் சொட்டாக வரும் குழாயிலும் குடம் நிறையும், வயலுக்குப் பாய்ச்ச முடியாது. ஆகவே சுமை மாட்டி அளக்க வேண்டும்.

விளக்கைப் பொருத்தியபடியே, அல்லது ஃபேன் மெதுவாகவாவது ஓடும்போது, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஃபேன் கனெக்டரின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் இழப்பு இருக்கிறது. அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் ஃபேனின் பாசிட்டிவ் பின்னுக்கும் நடுவில் 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

மோட்டாரையும் சென்சாரையும் மாற்றிய பிறகும் சூடேறிக்கொண்டிருந்த ஒரு காரைப் பார்த்தேன். எர்த் வயர் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு போல்ட்டில் முடிந்திருந்தது. விபத்துக்குப் பிறகு அந்தப் பகுதிக்குப் பெயின்ட் அடித்தவர்கள் போல்ட்டின் அடியிலும் அடித்திருந்தார்கள். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. வயரின் வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் பெயின்ட் படலம். உப்புத்தாளால் அந்த நாணய அளவு இடத்தைத் தகடு பளிச்சிடும்வரை தேய்த்து மறுபடி முடுக்கியதும், அங்கே 3 வோல்ட்டுக்கு மேல் இருந்த இழப்பு மறைந்தது.

கனெக்டரையும் உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பழுப்பேறியிருந்தால் அந்தப் பின் தளர்ந்து சூடாகியிருக்கிறது. பச்சை படிந்திருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. இப்படிப்பட்ட கனெக்டரோடு புது மோட்டாரை மாட்டினால் கொஞ்ச நாளில் அதே பழுது திரும்பி வரும்.

ஒரு விலக்கு: மோட்டாருக்கு இரண்டு தடித்த வயர்களோடு மெல்லிய வயரும் போனால் அதனுள் மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது. அதற்கு பேட்டரியிலிருந்து நேரடி இணைப்புக் கொடுத்துச் சோதிக்கக் கூடாது.

9. குறைந்த வேகம் மட்டும் இல்லை

ஃபேன் நீண்ட நேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று முழு வேகத்தில் சீறினால், குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். அது பெரும்பாலும் ஃபேன் கூட்டின் மேலேயே, காற்று படும் இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும். மீட்டரில் சில ஓம்களுக்குள் காட்ட வேண்டும். தொடர்பே இல்லையென்றால் மாற்றுங்கள். இதை மாற்றாமல் மொத்த ஃபேனையும் மாற்றுவது வீண் செலவு.

10. ஃபேன் நிற்கவே இல்லை

ரிலேயைக் கழற்றுங்கள். ஃபேன் நின்றால், புது ரிலே போட்டுப் பாருங்கள். அதிலும் நிற்காமல் ஓடினால் இசியுதான் ஓடச் சொல்கிறது: வெப்பச் சென்சாரின் பிழைக் குறியீடு, ஏசி அழுத்தச் சென்சார் இரண்டையும் ஸ்கேனரில் பாருங்கள். ரிலேயைக் கழற்றியும் ஓடினால் யாரோ நேரடி இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். வயரைப் பின்தொடர்ந்தால் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கும். ஓட்டுநர் நினைவில் வைத்துப் போட வேண்டிய அந்தச் சுவிட்சை எடுத்துவிட்டு, மூலப் பழுதைச் சரிசெய்யுங்கள். வண்டியை இன்னொருவர் ஓட்டும் நாளில் இன்ஜின் போய்விடும்.

11. புது மோட்டார் மாட்டும்போது

இரண்டு வயர் மோட்டாரில் முனைகள் மாறினால் அது எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் வரும், காற்றும் வரும், ஆனால் முன்னோக்கி. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை இன்ஜின் பக்கம் இழுக்க வேண்டும். முன் கிரில்லில் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். உள்ளே ஒட்டிக்கொண்டால் சரி, வெளியே தள்ளினால் முனைகள் மாறியிருக்கின்றன.

ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டை உடைந்துவிட்டது என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பிளேடுக்கு நேர் எதிரே இருக்கும் பகுதி மட்டும் குளிரும், ரேடியேட்டரின் மூலைகளுக்குக் காற்று போகாது.

12. வேலை முடிந்ததா என்று உறுதிசெய்தல்

ஏசியை அணைத்துவிட்டு வண்டியை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நின்று, மறுபடியும் சுற்ற வேண்டும். ஒருமுறை சுற்றியதைப் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள். நிற்பதும் மறுபடி தொடங்குவதும் சேர்ந்தால்தான் ரிலேயும் சென்சாரும் சரியாக இருக்கின்றன என்று பொருள்.

பிறகு ஏசியையும் ஹெட்லைட்டையும் சேர்த்துப் போட்டு ஐட்லிங்கில் கால் மணி நேரம் விடுங்கள். இன்ஜினை அணைத்து, ஃபேன் நின்றபின் கனெக்டரையும் ஃபியூஸ் பெட்டியையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், தொட முடியாத சூடு இருந்தால் அங்கே தளர்ந்த இணைப்பு இன்னும் மிச்சம்.

ஃபேன் ஒழுங்காகச் சுற்றியும் வெப்பம் ஏறிக்கொண்டே போனால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது சுத்தமாகத் தெரியும் காரிலும் அந்த இடுக்கில் தூசியும் பூச்சிகளும் சருகும் அடைத்திருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அழுத்தம் அதிகமானால் அலுமினியத் துடுப்புகள் மடங்கி, காற்று போகும் வழி நிரந்தரமாக அடைபடும்.